கொடுவா பிடிக்கப் போன கார்த்திகை

என் வயதுக்காரர்களிடம் முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன். இடி இடித்தால் நீங்கள் எங்கே ஓடுவீர்கள்? வீட்டுக்குள் என்று சொல்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், நான் சொல்வது உங்களுக்குப் புரிய நேரமாகும். பட்டாசு ஆலைக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் பிறந்த நாம் வெளியே ஓடுவோம். போன வாரம் சாயங்காலம் ஒரு இடி இடித்தது. என் மருமகள் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தாள். நான் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். "அத்தை, அங்க என்ன பண்றீங்க? எல்லாரும் பாக்குறாங்க, உள்ள வாங்க" என்று அவள் மாடியிலிருந்து கத்தினாள். கோயம்புத்தூர்ப் பெண். காலண்டர் அச்சகத்தில் முப்பது வருடம் புரூப் பார்த்து, ஒரு எழுத்துப் பிழைக்கு ஊரைக் கூட்டிய மாமியார், மழையில் நனைந்துகொண்டு வானத்தைப் பார்த்து நிற்பதற்கு அவளிடம் என்ன காரணம் சொல்வது? காற்று வாங்க வந்தேன் என்றேன்.

உங்களுக்காவது காரணத்தைச் சொல்கிறேன். ஆலையில் வெடிமருந்து புழங்கும் ரூம்கள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும். இடிச் சத்தம் கேட்டதும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து, ரூம்களை விட்டு விலகி வெட்டவெளியில் நிற்க வேண்டும். போர்மேன் தலைகளை எண்ணுவார். கணக்குச் சரியாக வந்த பிறகுதான் அவர் தன் தலையில் துண்டைப் போடுவார். ஆலையில் பழகியது வீட்டுக்கும் வந்துவிடும். எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் ஒரு சிட்டிகை மருந்து கிடையாது, ஆனாலும் இடிக்குத் தெருவே வாசலில் நிற்கும். பெண்கள் முக்காட்டுக்கு மேல் சொட்டச் சொட்ட நின்று ஊர்க்கதை பேசுவார்கள். எங்களுக்கு அது ஒரு திருவிழா மாதிரி. இடி நின்றதும் உள்ளே போகச் சொன்னால் அழுவோம்.

என் அப்பா போர்மேன். ஏழாயிரம்பண்ணையைத் தாண்டி, மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே இருந்த ஒரு ஆலையில் அவருக்கு வேலை. பிற்காலத்தில் மேகம் கறுத்தாலே ஆட்களை வெளியே கூப்பிட்டுவிடுவார் என்று அவரைக் கேலி செய்வார்கள். முதலாளியிடம் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. கேலி செய்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஐப்பசியைப் பற்றித் தெரியாது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. சீசன் உச்சத்தில் இருந்தது. என் சித்தி, அம்மாவின் ஒரே தங்கை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். காலையில் எனக்கு இரட்டைச்சடை போட்டுவிட்டு, அப்பாவுக்கு முன்னாலேயே கம்பெனி வேனில் ஏறிவிடுவாள். குழாய்களில் மருந்து செலுத்தும் ரூமில் அவளுக்கு வேலை. அவளோடு இன்னும் மூன்று பெண்கள். எத்தனை தட்டு முடிக்கிறார்களோ அத்தனைக்குத்தான் கூலி.

அன்றைக்கு மத்தியானம் தூரத்தில் ஒரு இடி கேட்டது. வாசலில் லோடு ஏற்ற லாரி நின்றது. அப்பா வானத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை இடிக்கட்டும், அப்புறம் கூப்பிடலாம் என்று நினைத்தார். இதை அவரே பின்னால் எல்லாரிடமும் சொன்னார், ஒளிக்கவில்லை. அடுத்த இடி பக்கத்திலேயே கேட்டது. "வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்தினார். ஓடி வந்தார்கள். எண்ணினார். ஒரு ஆள் குறைந்தது. மறுபடி எண்ணத் தொடங்கும்போது அந்த ரூமின் மேல் மின்னல் விழுந்தது. கூட வேலை பார்த்த மூன்று பேரும் வெளியே வந்துவிட்டார்கள். சித்தி வரவில்லை.

அம்மா அப்பாவிடம் பேசுவதை அன்றோடு நிறுத்தினாள். ஒரு ஏச்சு கிடையாது, ஒரு கேள்வி கிடையாது. துணி துவைத்தாள், சோறு பொங்கினாள், அப்பாவுக்கு இலை போட்டாள். அவர் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை வரவில்லை. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "உங்கப்பாவுக்கு மோர் வேணுமான்னு கேளு." இரண்டு பேரும் ஒரே அறையில், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருப்பார்கள். நடுவில் நான் உட்கார்ந்து, அம்மா சொன்னதை அப்பாவிடமும் அப்பா தலையாட்டியதை அம்மாவிடமும் சொல்லுவேன். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை என் பாய்க்கு அடியில் சேர்த்து வைத்தேன். அம்மா பேசாத நாளுக்கு ஒரு தாள். அந்தத் தாள்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. பத்து வயதில் எனக்கு உலகத்தில் வேறு எந்த ஆசையும் இருக்கவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்து ஒரு வார்த்தை, திட்டாக இருந்தாலும் சரி, ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும்.

தீபாவளி போனது. எங்கள் வீட்டில் எண்ணெய்ச்சட்டி வைக்கவில்லை. ஆலையை வழக்கம்போல ஒரு மாதத்துக்கு மூடினார்கள். வேலை இருந்தவரைக்கும் அப்பாவுக்குப் போய் வர ஒரு இடம் இருந்தது. இப்போது நாள் முழுக்க வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். யாரோடும் பேசவில்லை. அப்போதுதான் டிரைவர் மாமா வந்தார். ஆலைக்கு லோடு ஓட்டுபவர், வேம்பாருக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரர். எங்களுக்கு உறவு இல்லை, கூப்பிட்டுப் பழகியதில் மாமா. அன்றைக்கு வாசலில் நின்றது அவருடைய லாரிதான்.

"மதினி, அண்ணாச்சி இப்படியே இருந்தா பைத்தியம் பிடிச்சிரும். எங்க ஊருக்கு வாங்க. கடக்காத்து பட்டா மனுசன் தெளிஞ்சிருவாரு. வீட்டுல யாருமில்ல, அவ பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. உங்க கையால ஆக்கிப் போட்டா நானும் பத்து நாளு நல்ல சோறு திம்பேன்" என்றார்.

அம்மா யோசித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் நல்ல யோசனைதான் என்றார்கள். இன்றைக்கு நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கார்த்திகை மாதத்தில், கீழைக்கடற்கரைக்கு! மழையும் இடியும் முதலில் இறங்கும் இடத்துக்கு, இடியால் நொறுங்கிப் போன ஒரு மனிதனைத் தெளிய வைக்கக் கூட்டிப் போனார்கள். நல்ல மனசுதான். ஆனால் பெரியவர்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை, வானிலை என்பது ஏதோ விவசாயிகளுக்கு மட்டும் வருவது போல.

மூன்று பஸ் மாறிப் போனோம். கடலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. கருவாட்டு வாடையும், ஈர மணல் வாடையும், தார் பூசிய வள்ளத்தின் வாடையும் கலந்து வந்தது. அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். கந்தக வாடையில் வளர்ந்த எனக்கு அது பிடித்திருந்தது.

மாமாவின் வீடு மணல் மேட்டில் இருந்தது. கீழே கரையோரம் ஒரு வலைக்கொட்டகை, பனை ஓலை வேய்ந்தது. கடல் சரியில்லாததால் வள்ளங்களைக் கரையில் ஏற்றிவிட்டு, ஆறு பேர் அதற்குள் உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் வடக்கே, மழைக்கு மட்டும் ஓடும் ஒரு ஓடை மண்ணை உடைத்துக்கொண்டு கடலில் விழுந்தது. அந்த முகத்தில் செம்மண் தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலக்காமல் கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் போகும்.

முதல் நாள் சாப்பிடும்போது மாமா சொன்னார்: "இந்த ஓடை ஒடச்சிருச்சுல்லா, இனிமே கரைக்கு கொடுவா வரும் பாருங்க. வள்ளமே வேண்டாம். கரையில நின்னு தூண்டி போட்டே பிடிக்கலாம். ஒண்ணு சிக்குனாப் போதும், பத்துப் பேரு வயிறு நெறையத் திங்கலாம்."

"நான் பிடிக்கேன்" என்றார் அப்பா.

சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் கை நின்றுவிட்டது. பல நாளாக அவராக எதுவும் சொன்னதில்லை. அம்மாகூட ஒரு நொடி நிமிர்ந்தாள், பிறகு என் இலையில் குழம்பை ஊற்றினாள். குழம்பு கேட்காத எனக்கு.

மறுநாள் காலையிலிருந்து அப்பாவும் நானும் கரைக்குப் போனோம். மாமா தடித்த தங்கூசி நைலான் நரம்பும், ஈயக்குண்டும், தூண்டில் முள்ளும் கொடுத்தார். நரம்பைச் சுற்றி வைக்க அப்பா ஒரு பூவரசங்கட்டையைச் செதுக்கினார். இரண்டு பக்கமும் குழி எடுத்து, கை வழுக்காமல், ஆலையில் மருந்து வழிக்கும் மரக்கரண்டி மாதிரி வழவழவென்று தேய்த்திருந்தார். அவர் எதைச் செய்தாலும் ஆலைக்காரராகத்தான் செய்தார். கரையில் ஈரச் சாக்கை விரித்து அதன் மேல்தான் நரம்பை வளைத்து வைப்பார். ஈயக்குண்டுகள் ஒன்றோடு ஒன்று உரசாமல் தனித்தனித் துணியில் முடிந்து வைப்பார். பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர்.

கொட்டகைக்காரர்கள் வாளியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, இம்புட்டுக் கடல் கெடக்கு, பக்கத்துல வாளித் தண்ணி எதுக்கு?"

"இருக்கட்டும்" என்றார் அப்பா.

அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். இன்றைக்கு அந்த ஒரு சிரிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன்.

தூண்டில் வீசத் தெரியாமல் இரண்டு நாள் போனது. நரம்பைத் தலைக்கு மேல் சுழற்றி விட வேண்டும். சீக்கிரம் விட்டால் குண்டு பின்னால் மணலில் விழும், பிந்தி விட்டால் காலடியில் விழும். அப்பா ஒருமுறை விட்டது மேலே வீட்டில் காய்ந்துகொண்டிருந்த மாமாவின் கைலியில் போய் மாட்டியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. அலை எங்கே உடையாமல் வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே தரை பள்ளமாக இருக்கும், மீன் அந்தப் பள்ளத்தில்தான் வரும் என்பதை நாங்களே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தோம். முட்டியளவு தண்ணீரில் நிற்போம். அலை திரும்பிப் போகும்போது உள்ளங்காலுக்கு அடியிலிருந்து மணலை உருவும். பூமியே நகர்வது போலிருக்கும். நரம்பு ஆள்காட்டி விரலில் கிடக்கும். அந்த விரல்தான் கண்.

கொடுவா வரவில்லை. கிழங்கான் வந்தது, விரல் நீளத்தில், வெள்ளியும் மஞ்சளுமாக. தினமும் எட்டு, பத்து. ஒருநாள் கெளுத்தி வந்து அப்பாவின் பெருவிரலில் முள்ளை ஏற்றிவிட்டது. கை வீங்கிவிட்டது. அவர் அந்த விரலைத் தூக்கிப் பிடித்து ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வலி என்று ஒன்று உடம்புக்கும் உண்டு என்பதை மறந்திருந்தவர் மாதிரி. அன்றைக்கு ராத்திரி அம்மா மஞ்சளைச் சுட்டு அரைத்து என்னிடம் கொடுத்து, "போட்டுவிடு" என்றாள். நான் போடும்போது சரியாகப் போடுகிறேனா என்று அடுப்படியிலிருந்து பார்த்தாள். அதைப் பார்த்துவிட்டு நான் பாதித் தூக்கத்தில் கனவெல்லாம் கண்டேன்.

அதனால்தான் அடுத்த நாள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். கரையில் நின்ற அப்பாவிடம், சோறு ஆறுகிறது என்று சொல்லிவிட்டு வா என்று அம்மா அனுப்பியிருந்தாள். நான் போய், "அம்மா உங்களைத் தேடுறாங்கப்பா, உடனே வரச் சொன்னாங்க" என்றேன். அப்பா நரம்பைக்கூடச் சுற்றாமல், அப்படியே கட்டையை என் கையில் கொடுத்துவிட்டு மணலில் வேகமாக ஏறினார். நான் பின்னால் ஓடினேன். அடுப்படி வாசலில் போய் நின்று, "என்ன?" என்றார். அம்மா திரும்பாமல் என்னைப் பார்த்து, "உங்கப்பாவுக்கு இலை போட்டாச்சுன்னு சொல்லு" என்றாள். அவர் முகத்தை நான் பார்த்தேன். கை கழுவப் போய்விட்டார். நல்லது செய்கிறோம் என்று நினைத்து ஒரு ஆளை அடிப்பது எப்படி என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் ஒரு சொல்லைக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

ஆனால் கொடுவா என்ற எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. அப்பா இத்தனை பெரிய மீனை மணலில் இழுத்துக்கொண்டு வந்து அம்மா முன்னால் போட்டால், அம்மா ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? "இதை எங்க வச்சு அறுக்க?" என்றாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்? பத்து வயதுக்கு அது அசைக்க முடியாத கணக்காகத் தெரிந்தது. அப்பாவும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் நின்றிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

பதினோராம் நாள் சாயங்காலம். மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டும். காலையிலிருந்தே புழுக்கம். காற்று நின்றுவிட்டது. கடல் சத்தம் குறைந்து, தண்ணீர் ஈயம் உருக்கி ஊற்றியது போலக் கிடந்தது. உயிர் மடவைக் குஞ்சு ஒன்றை முள்ளில் மாட்டி அப்பா ஓடை முகத்துக்கு வீசினார். நரம்பை என் விரலில் போட்டுவிட்டு, இன்னொரு முள் கட்டக் குனிந்தார்.

என் விரல் அறுந்துவிடும் போல இழுத்தது. "அப்பா" என்று கத்தினேன். நரம்பு ஓடியது, கட்டை தண்ணீரில் குதித்தது. அப்பா ஓடி வந்து பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். இருபது கஜத்துக்கு அப்பால் தண்ணீரைப் பிளந்துகொண்டு அது மேலே வந்தது. வாயைத் திறந்து தலையை உதறியது. என் இடுப்புயரம் இருக்கும். வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை.

"கொடுவாடா!" என்றார் அப்பா. அவர் சிரித்தார். சித்தி போனதற்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

அப்போது தெற்கே, எங்கேயோ வெகு தூரத்தில், ஒரு இடி உருண்டது.

அப்பாவின் கைகள் அப்படியே திறந்தன. நரம்பு முழுவதும் என் உள்ளங்கையில் வந்து இழுத்தது. அவர் வானத்தைப் பார்க்கவில்லை. கரையைத் திரும்பிப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார்.

"பாப்பா, போட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

கொட்டகை எண்பது, நூறு அடி தூரம் இருக்கும். அவர் குரல் எனக்கு முழுக்கக் கேட்டது. "வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க! வேலையப் போட்டுட்டு வெளிய வாங்க!"

உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. "அண்ணாச்சி, இடிக்கு உள்ளதான் இருக்கணும். நீங்க உள்ள வாங்க" என்றார் ஒருவர். அப்பா உள்ளே பாய்ந்து ஒரு ஆளின் கையைப் பிடித்து இழுத்தார். வலை கட்டியிருந்த கம்பு சரிந்தது. "ஏய், கைய விடும்! கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று அந்த ஆள் கத்தினார். எனக்கு அவமானமாக இருந்தது. இவர் என் அப்பா இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் பரவாயில்லை என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். இதை எழுதக் கை கூசத்தான் செய்கிறது. ஆனாலும் நினைத்தேன்.

நரம்பை நான் விடவில்லை. போட்டுவிட்டு வா என்று அப்பா சொன்னது தெளிவாகக் கேட்டது. அவர் கத்தியதும் கேட்டது. இடி எங்கேயோ தூரத்தில்தானே இருக்கிறது, மீன் களைத்துவிட்டது, இன்னும் கொஞ்சம் இழுத்தால் கரைக்கு வந்துவிடும், அப்புறம் ஓடலாம் என்று நினைத்தேன். பயமே இல்லை. கையில் இருந்த வேலைதான் பெரிதாகத் தெரிந்தது. சித்திக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்திருக்கும். தட்டில் நாலு குழாய் பாக்கி இருந்திருக்கும். முடித்துவிட்டு ஓடலாம் என்று நினைத்திருப்பாள். ஊர் முழுக்க அப்பா கூப்பிட்டது பிந்தியதைப் பற்றியே பேசியது. பிந்தியது உண்மை. கூப்பிட்டது காதில் விழுந்த பிறகும் ஒரு ஆள் ஏன் எழுந்திருக்காமல் இருப்பாள் என்று யாரும் யோசிக்கவில்லை. எனக்கு அந்தக் கடற்கரையில் தெரிந்துபோயிற்று.

கொட்டகைக்காரர்களோடு உள்ளே பேசிக்கொண்டிருந்த டிரைவர் மாமா முதலில் வெளியே வந்தார். வந்து அவர்களைப் பார்த்து, "வாங்கப்பா. சொல்லுதேன்ல, ஒரு நிமிசம் வெளிய வாங்க" என்றார். அவர் குரலில் என்ன இருந்ததோ, ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து வெட்டவெளி மணலில் நின்றார்கள். மேலே வீட்டிலிருந்து அம்மா ஓடி வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. இடி கேட்டதும் அரிசி அரித்த கையோடு வெளியே வந்திருந்தாள், நம்ம ஊர்ப் பெண் வேறென்ன செய்வாள். வந்தவள் அந்த வரிசையின் கடைசியில் நின்றாள். மழை பொத்துக்கொண்டு ஊற்றத் தொடங்கியது.

அப்பா எண்ணினார். விரலை நீட்டி, வாய்விட்டு, ஒன்று முதல் எட்டு வரை.

"ஒரு ஆள் குறையுது" என்றார்.

அம்மாதான் முதலில் கடல் பக்கம் திரும்பினாள். அவள் போட்ட சத்தத்தில் அப்பா என்னைப் பார்த்தார்.

அந்த மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. தண்ணீருக்குள் வந்து, ஒரு வார்த்தை திட்டாமல், என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளங்கை அறுந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நரம்பு போனது. பூவரசங்கட்டை அலையில் இரண்டு முறை தலைகாட்டிவிட்டுப் போனது. கொடுவாவும் போனது. "மீன், மீன்" என்று நான் அழுதேன். பத்து வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் ஓடினார். வானம் வெள்ளையாக வெடித்தது. சத்தம் அவர் முதுகு வழியாக என் வயிற்றில் இறங்கியது. என்னை அம்மாவுக்குப் பக்கத்தில் இறக்கி நிறுத்திவிட்டு, நாலு அடி பின்னால் போய், மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஒன்பது வரைக்கும் எண்ணினார்.

"ஒரு ஆள் குறையுது."

கொட்டகைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கையைப் பிடித்து இழுத்தபோது கத்திய ஆள்தான், மெதுவாகச் சொன்னார்: "எல்லாரும் இங்கனதான் நிக்கோம் அண்ணாச்சி."

அப்பா கிட்டே வந்து ஒவ்வொருவர் தோளையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். என் தலையைத் தொட்டார். அம்மாவின் தோள் வரை வந்த கை தொடாமல் நின்றது. "ஒண்ணு குறையுதே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் மாமா கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அம்மா என்னிடம் ஏதாவது சொல்வாள், நான் அதை அப்பாவிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். "குறையத்தான் செய்யும். இனிமே நீங்க எப்ப எண்ணுனாலும் ஒண்ணு குறையத்தான் செய்யும்."

அப்பாவின் நீட்டிய விரல் இன்னும் அப்படியே இருந்தது. அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள், விடவில்லை.

"நனையுதீக" என்றாள். "உள்ள வாங்க."